கை நின்ற எழுத்து

அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. தமிழில் தன் பெயரைப் போடத் தெரியும்; அதையும் படம் வரைவதுபோல மெதுவாகத்தான் போடுவார். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஸ்பெல்லிங் போட்டிக்குப் போன இரண்டு பிள்ளைகளும் அவர் முன்னால் உட்கார்ந்துதான் எழுத்துகளைச் சொல்லிப் பழகினோம். சாயந்தரம் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே கேட்பார். நாங்கள் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டு போவோம். சரியாகச் சொல்லும்வரை கை ஓடிக்கொண்டிருக்கும். எங்காவது தப்பினால் நின்றுவிடும்.

அவ்வளவுதான். திட்ட மாட்டார். தப்பு என்றுகூடச் சொல்ல மாட்டார். சரியான எழுத்து எது என்று அவருக்குத் தெரியாதே. மா ஒட்டிய விரல்களைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார். நாங்களே பின்னால் போய், தேடி, திருத்திச் சொன்ன பிறகு கை மறுபடியும் ஓடும்.

நான் அவரைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டேன். சொந்தமில்லை, லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் இருந்தவர். அவர் பெயரை இங்கே எழுதாமல் விடுவது மறைப்பதற்காக அல்ல. எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், தோட்டத்து ஆபீஸ் பதிவில் மூன்றாவது விதமாகவும் அந்தப் பெயர் இருந்தது. எங்கள் பக்கத்தில் இது புதுமையில்லை. சொல்பவர் தமிழில் சொல்வார், கேட்பவர் சிங்களத்தில் கேட்பார், எழுதுவது ஆங்கிலத்தில் நடக்கும். ஒருமுறை அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது துணைக்கு என் அம்மாவும் போயிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூன்று தாள்களையும் பரப்பி வைத்து, இதில் நீங்கள் யார் என்று கேட்டாராம்.

"மூணும் நான்தாங்க மாத்தயா. கூப்பிட்டுப் பாருங்க, மூணுக்கும் திரும்பிப் பாப்பேன்" என்றாராம் சின்னம்மா.

அந்த மனிதரும் சிரித்துவிட்டாராம். வேலை மட்டும் அன்றைக்கு ஆகவில்லை.

எழுத்தை நம்பி அவருக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. காதை நம்பினார். காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது, கங்காணி தொண்டையைச் செருமுவதை வைத்தே இன்றைக்குத் தூரத்து மலையா பக்கத்து மலையா என்று சொல்லிவிடுவார் என மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். ஹட்டன் பஸ் வளைவுக்கு அப்பால் இருக்கும்போதே எங்களை ஓடச் சொல்வார். லொறிச் சத்தத்துக்கு ஒருநாளும் எங்களை ஓட வைத்ததில்லை. பக்கத்துக் காம்பராவில் குழந்தை அழுதால், இது பசி, இது தூக்கம், இது சும்மா என்பார். என் அம்மா பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கடைசித் தாய் வந்து கடைசிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அம்மா வீடு திரும்ப முடியாது. அதனால் சாயந்தரங்களில் நான் சின்னம்மா வீட்டில்தான் இருப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன். "வெறும் வயித்துக் குரலு" என்று சொல்லிவிட்டு ரொட்டியை இரண்டாகப் பிய்ப்பார்.

அவருடைய மகள் சுமதியும் நானும் ஒரே வகுப்பு. ஏழாம் வகுப்பில் இருந்தபோது, ஆங்கில டீச்சர் இருநூறு வார்த்தைகளை இரண்டு தாளில் எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் முதலாவது வருகிற ஒருவர் கோட்ட மட்டப் போட்டிக்குப் போகலாம். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை யாரும் போனதில்லை. தாள்களை அடுப்பு மேட்டுக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டு, சுமதி ஒரு வார்த்தை, நான் ஒரு வார்த்தை என்று சொல்வோம். எந்த எழுத்து தப்பு என்று எப்படித் தெரிகிறது என ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"எனக்கு எழுத்து எங்க தெரியுது பாப்பா. ஒங்களுக்குத் தெரிஞ்சா, கொரலு படியில எறங்குற மாதிரி எறங்குது. தெரியலன்னா வழுக்குது. வழுக்குனா நான் நிக்கிறேன்."

போகப் போக, சுமதி சொல்வதைக் கேட்டுக் கேட்டே பட்டியலில் பாதி அவருக்குப் பாட்டாகப் படிந்துவிட்டது. அர்த்தம் தெரியாது. விரல் கணுவில் எழுத்துகளை எண்ணிக்கொள்வார். "நேத்து இது ஒம்பது. இன்னைக்கி எட்டுதான் வந்திச்சி. ஒண்ண எங்கடி போட்ட?" என்று சுமதியைக் கேட்பார். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பெண்கள் அவரை, "இங்கிலீசு மிஸ் வர்றாங்க, வழிய விடுங்கடி" என்று சீண்டுவார்கள். அவரும் விடாமல், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி, "கியூ, யூ, ஈ, யூ, ஈ. வரிசையில நில்லுங்கடி" என்பார். அந்த ஒரு வார்த்தையின் அர்த்தம் மட்டும் அவருக்குத் தெரியும்.

இவ்வளவையும் நான் நினைத்துப் பார்க்கக் காரணம் என் மகள். கவிஷாவுக்குப் பத்து வயது. இந்த வருடம் அவளும் ஒரு ஸ்பெல்லிங் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். நான் படித்தவள், ஹட்டனில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள். பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று போனில் உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்கும் ஆப் ஒன்றை ஏற்றி, வார்த்தைகளை நிறவாரியாகப் பிரித்து, சுவரெல்லாம் ஒட்டி வைத்தேன். வேலை விட்டு வந்து தினமும் ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். நாளுக்கு நாள் அவள் மெதுவாகிக்கொண்டே போனாள். ஒவ்வோர் எழுத்துக்கும் நிறுத்தி என்னைப் பார்த்தாள். கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போகலாமா என்றுகூட யோசித்தேன். ஒருநாள் அவளே சொன்னாள்.

"அம்மா, நீங்க அந்தப் பக்கம் திரும்பி ஒக்காருங்க. ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் நான் எழுத்தே சொல்றேன். போட்டியில நீங்க இருக்க மாட்டீங்கல்ல."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் சொன்னது உண்மை. தப்பான எழுத்து அவள் வாயிலிருந்து வருவதற்கு முன்பே என் முகம் சுருங்கிவிடுகிறது. சரியான எழுத்துகள் எல்லாம் தெரிந்த எனக்கு, பிள்ளையின் குரலைக் கேட்கத் தெரியவில்லை. சின்னம்மாவின் கையை நினைத்தேன். அந்தக் கையை நினைத்தால் அதற்கு அடுத்ததையும் நினைத்துத்தான் ஆக வேண்டும். இருபது வருடமாக அதை யாரிடமும் சொன்னதில்லை.

போட்டி நடந்தது எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில். தகரக் கூரை; மழை பெய்தால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. வட்டவளைப் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. டவுன் பள்ளிக்கூடமொன்றிலிருந்து நடுவராக ஓர் ஆசிரியர் வந்திருந்தார்; எங்களுக்கு அவர் சேர். பெற்றோர்கள் பின்னால் போட்டிருந்த வாங்குப் பலகைகளில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னம்மா அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, வேலைக்கு இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை நனைந்தபடியே மடித்து மடியில் வைத்துக்கொண்டு முன்னாலேயே உட்கார்ந்தார். கடைசியில் சுமதியும் நானும்தான் மிஞ்சினோம். அவளுக்கு வந்தது necessary. அதில் அவள் 'எஸ்'ஸை ஒன்றாக்கி 'சீ'யை இரண்டாக்கிவிட்டாள். நான் என் வார்த்தையைச் சரியாகச் சொன்னால் எனக்கு வெற்றி. தப்பினால் இருவருக்கும் இன்னொரு சுற்று.

எனக்கு வந்தது dispensary.

சிரிப்பே வந்துவிட்டது. அந்த வார்த்தையை நான் சின்னம்மாவிடம் ஒருநாளும் சொல்லிப் பார்த்ததில்லை. பட்டியலில் அது வரும்போதெல்லாம், இது எனக்குத் தெரியும் என்று தாண்டிவிடுவேன். சுமதிதான் அதையும் விடாமல் சொல்வாள். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் இருந்தது. வெள்ளைப் பலகையில் பச்சைப் பெயின்டில் பெரிய எழுத்துகள். முதலாம் வகுப்பிலிருந்து போகும்போதும் வரும்போதும் அதைப் படித்தவள் நான். கண்ணை மூடினால் பலகை தெரியும். அந்தப் பலகையைப் பார்த்தே சொன்னேன்: டீ, ஐ, எஸ், பீ, ஈ, என், எஸ், ஈ, ஆர், வை.

சேர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார். மழை அடித்துக்கொண்டிருந்தது. தலையை ஆட்டிச் சரி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் எழுந்து, சின்னப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும் என்று வெற்றி தந்த வார்த்தையைக் கரும்பலகையில் எழுதினார். இரண்டாவது 'எஸ்'ஸுக்குப் பிறகு 'ஏ' போட்டார்.

பெயின்ட் அடித்தவர் செய்த தப்பை நான் ஏழு வருடமாகப் படித்திருக்கிறேன். சேர், நான் அப்படிச் சொல்லவில்லை என்று எழுந்து சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் எழவில்லை. முன் வாங்கில் சின்னம்மா கை தட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று அவருடைய கைகள் நின்றன. பிறகு, மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்து அவரும் தட்டினார்.

திரும்பி வரும்போது மூவருக்கும் ஒரே பிளாஸ்டிக் சீட்தான் குடை. அம்மா வேலையில் இருந்ததால் என்னைச் சின்னம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தார். சுமதி அழாமல் முன்னால் நடந்தாள். தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதை ஏறும் இடத்தில் சின்னம்மா மெதுவாகக் கேட்டார். குற்றம் சுமத்துகிற குரல் இல்லை அது. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

"பாப்பா, கடைசி வார்த்தையில நீ 'ஏ'ன்னு சொன்னியா, 'ஈ'ன்னு சொன்னியா? சுமதி வீட்டுல 'ஏ'ன்னுதான் சொல்லும். எது சரின்னு எனக்குத் தெரியாது. ரெண்டும் சரியா இருக்க முடியாதில்ல, அதான் கேக்குறேன்."

"'ஏ'ன்னுதான் சொன்னேன் சின்னம்மா."

அவர் சீட்டின் ஓரத்தை என் தலைக்கு மேல் இழுத்துவிட்டார். பிறகு, "அப்ப எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்கு. மழையில்ல" என்றார்.

வெறும் வயிற்றுக் குரலைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பொய் எப்படித் தெரியாமல் போனது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தெரிந்தும் விட்டிருப்பாரோ என்றும் நினைத்திருக்கிறேன். ஆனால் அடுத்து நடந்ததைப் பார்த்தால், அவர் நம்பிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. மறுநாள் சாயந்தரம் நான் கோட்டப் போட்டிக்காகப் பட்டியலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மா பிசைந்துகொண்டிருந்தார். சொன்னேன். வேண்டுமென்றே ஓர் எழுத்தைத் தப்பாகவும் சொன்னேன். கை நிற்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அப்போதும் நிற்கவில்லை.

"இனி டீச்சர்கிட்டயே போய்ச் சொல்லுங்க ரெண்டு பேரும்" என்றார். "எழுத்துத் தெரியாத காத வச்சிக்கிட்டு நான் என்னாத்தக் கேக்குறது. அப்புறம் ஒங்களக் கெடுத்துறப் போறேன்."

அதோடு முடிந்தது. கோட்டப் போட்டியில் நான் இரண்டாவது வார்த்தையிலேயே தோற்று வந்தேன். பீலியடியில் மிஸ் என்று யாராவது கூப்பிட்டால், "அட போங்கடி, எனக்குக் காது மந்தம்" என்று சிரித்துவிட்டுக் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடிப்பார். சுமதி நன்றாகத்தான் இருக்கிறாள். கொழும்பில் கடை நடத்துகிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் வாழ்க்கை என்னால் மாறிவிட்டது என்று சொன்னால் அது என் கர்வம். மாறியது சின்னம்மாவின் சாயந்தரம். அவர் நம்பியிருந்த ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன், அதை வைத்து ஒன்றும் செய்யவும் இல்லை.

கவிஷாவைச் சின்னம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமையன்றுகூட, சொல்லத்தான் போகிறேனா என்று எனக்கு நிச்சயமில்லை. பிள்ளைக்கு அவரைக் காட்டலாம், அவர் முன்னால் நாலு வார்த்தை சொல்லட்டும் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு வருடம் கழித்துச் சொல்வது அவருக்காகவா, என் மனம் லேசாகவா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டேன். டிஸ்பென்சரிப் பலகை இப்போது இல்லை. கம்பம் மட்டும் நிற்கிறது.

சின்னம்மா வேலையை விட்டு நாலைந்து வருடமாகிறது. லயத்துக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்த சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். முடி வெளுத்திருந்தது. என் குரலைக் கேட்டு, "வெறும் வயித்துல வந்திருக்கீங்க ரெண்டு பேரும்" என்றார். சொல்லிவிட்டு, "சும்மா சொல்றேன். இடது காது இப்ப உண்மையாவே கேக்கல" என்றார். தேங்காய்த் துருவலையும் மாவையும் தட்டில் கொட்டிப் பிசைய ஆரம்பித்தார். நான் கேட்காமலே கவிஷா பக்கத்தில் போய் உட்கார்ந்து, தான் போட்டிக்குப் போவதைச் சொன்னாள். பெரியவர்களுடன் அவ்வளவு சீக்கிரம் ஒட்டுகிற பிள்ளை இல்லை அவள்.

"சொல்லு பாப்போம்" என்றார் சின்னம்மா.

கவிஷா சொன்னாள். கை ஓடியது. நான்காவது வார்த்தையில் அவள் ஓர் எழுத்தில் வழுக்கினாள். எனக்கே தெரிந்தது. சின்னம்மாவின் கை லேசாகத் தயங்கியது, ஆனால் நிற்கவில்லை. தன் தயக்கத்தையே மூடி மறைப்பதுபோல மாவைப் புரட்டிப் போட்டார்.

"எனக்கென்னா தெரியும் கண்ணு. ஒங்கம்மா நல்லாச் சொல்லும். அது ஜெயிச்ச அன்னைக்கே எனக்குக் காது மந்தம். மழையில ஒண்ணு சொன்னா ஒண்ணு கேட்டிச்சி" என்று சிரித்தார். இருபது வருடமாகப் பழகிய சிரிப்பு. பலரிடம் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள்.

பிள்ளை எதிரில் இருந்தாள். அவள் கேட்கப்போகிறாள் என்பதும் எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து அவருடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"சின்னம்மா, அன்னைக்கி மண்டபத்துல சொன்ன வார்த்தைய இப்ப சொல்றேன். அன்னைக்கி எப்படிச் சொன்னேனோ அப்படியே சொல்றேன். கேக்குறீங்களா?"

அவர் பிசைந்துகொண்டே தலையை மட்டும் என் பக்கம் சாய்த்தார். நான் ஆரம்பித்தேன். டீ, ஐ, எஸ். கை ஓடியது. பீ, ஈ, என். ஓடியது. எஸ்.

ஈ.

கை நின்றது.

மீதி இரண்டு எழுத்துகளை நான் சொல்லவில்லை. விரல்கள் மாவில் புதைந்தபடி இருந்தன. அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது 'ஏ' வரணும்" என்றாள் கவிஷா மெதுவாக.

"ஆமா" என்றேன். "அன்னைக்கும் 'ஏ'தான் வரணும். நான் 'ஈ'ன்னு சொன்னேன். கேட்டப்ப சின்னம்மாகிட்டப் பொய் சொன்னேன்."

கவிஷா என் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"இருவது வருசமா என் காதத் திட்டிக்கிட்டு இருக்கேன் பாப்பா" என்றார் சின்னம்மா. கோபம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குரலில் எனக்குச் சாதகமாக எதுவும் இல்லை. மன்னித்தேன் என்றோ பரவாயில்லை என்றோ அவர் சொல்லவில்லை. முழங்கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டார். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, வலது காதைப் பிள்ளையின் பக்கம் வைத்தார்.

"கண்ணு, நீ அந்த நாலாவது வார்த்தைய மறுபடியும் சொல்லு. அதுல ஒரு எடத்துல வழுக்குச்சி."

கவிஷா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கை ஓட ஆரம்பித்தது.